மர்ம மனிதன் மார்ட்டினும் மறைந்துபோன கடாரமும்

காஜாங் வட்டாரத்தில் தமிழ் கற்பிக்கும் நண்பர் ஒருவர், தம் மாணவன் எழுப்பிய வினாவொன்றை அண்மையில் என்னிடம் கொணர்ந்தார். மாணவன் படக்கதைப் பித்துடையவன். சிவகாசியினின்று வெளிவரும் 'மர்ம மனிதன் மார்ட்டின்' கதைப் புத்தகம் ஒன்றை, தமிழகம் சென்று மீண்ட உறவினர் எவரோ அவனுக்கு வாங்கி வந்திருக்கின்றனர். அதனைப் படித்து முடித்தவன், "ஐயா, இதில் வருகிற மூ என்ற கண்டமும் நம் குமரிக்கண்டமும் ஒன்றுதானா? அப்படியென்றால் அதை யார் மறைத்து வைத்தார்கள்?" என்று வகுப்பில் கேட்டானாம். ஆசிரியர் உடனே விடை கூறவில்லை. ஆம் என்றால் வரலாறு கெடும். இல்லை என்றால் பையனின் ஆர்வம் கெடும். என் செய்வது என்பது அவர்தம் இடர்ப்பாடு. இவ்விடர்ப்பாடு அவர் ஒருவருக்கே உரியதன்று. தமிழின் தொன்மையைப் பற்றிப் பேச நேரும் நம் அனைவருக்கும் உரியது. ஆதலின் அவ்வினாவைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

முதற்கண் அப்படக்கதை யாது என்று காண்டல் வேண்டும். மார்ட்டின் இத்தாலி நாட்டிற் பிறந்தவன். ஆல்பிரடோ காஸ்தெல்லி என்னும் எழுத்தாளர் கதை புனைய, ஜியான்கார்லோ அலெஸ்ஸாந்திரினி என்னும் ஓவியர் உருவம் தீட்ட, 1982-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவன் முதன்முதல் வெளிவந்தான். காஸ்தெல்லி 2024-இல் மறைந்தார். கதைத் தலைவன் நியூயார்க்கில் வாழும் தொல்பொருள் அறிஞன். அவனுக்குத் துணைவன் ஜாவா என்பவன். பெயரைக் கண்டு நம் அண்டைத் தீவினன் என்று மயங்கற்க. மாந்த இனத்துக்கு உறவான நியாண்டர்தால் குலத்தின் எச்சமாக மங்கோலியாவிற் கண்டெடுக்கப்பட்ட, பேச்சற்ற பெருவலியன் அவன். இவ்விருவரும் உலகின் மறைபொருள்களைத் தேடிச் செல்வர். அட்லாண்டிஸ், மூ என்னும் இரு பெருங் கண்டங்கள் பண்டைநாளில் தம்முட் பொருது அழிந்தன என்பதும், அவ்வுண்மை வெளிப்பட்டால் உலக ஒழுங்கு குலையும் என்று அஞ்சிய 'கறுப்பு உடையினர்' என்னும் கூட்டத்தார் சான்றுகளையெல்லாம் அழித்து வருகின்றனர் என்பதும் அக்கதைகளின் அடித்தளம்.

இத்தகைய கதை இத்தாலியர்க்கே உரியது என எண்ணவேண்டா. வாரன் எல்லிஸ் எழுத, ஜான் கசாடே வரைய, அமெரிக்காவில் 1999 முதல் 2009 வரை 27 இதழ்களாக வெளிவந்த 'பிளானட்டரி' என்னும் தொடரும் இக்குடும்பத்தைச் சார்ந்ததே. உலகின் கரந்துறை வரலாற்றை அகழும் மூவர் அதன் தலைமக்கள். அங்கும் உண்மையைத் தமக்கென்று பதுக்கிவைக்கும் கூட்டம் ஒன்று உண்டு. தமிழில் இவ்வகைச் சுவையைப் பரப்பியவர்கள் சிவகாசிப் பதிப்பாளர்கள். 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் தோன்றிய முத்து காமிக்ஸும், 1984-இல் தோன்றிய லயன் காமிக்ஸும் அயல்நாட்டு வீரர் பலரைத் தமிழ் பேச வைத்தன. படக்கதை என்றாலே முகஞ்சுளிக்கும் ஆசிரியர்கள் உளர். நான் அக்கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தயங்கும் ஒரு சிறுவனை நூறு பக்கம் தமிழ் படிக்கச் செய்யும் எதனையும் இகழ்தல் நமக்கு ஆகாது. ஆயினும் கதையின் கூற்றை வரலாற்றின் கூற்றாகக் கொள்ளுமிடத்து இடர் தொடங்குகிறது.

மூ என்னும் கண்டம் தோன்றிய வகை மார்ட்டின் கதையினும் விந்தையானது. நடு அமெரிக்காவின் மாயர் குலத்தார் ஒருவகை உருவெழுத்தில் எழுதிவைத்த சுவடிகள் சில உள. 16-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டிற் சமயத்தொண்டு புரிந்த தியேகோ தெ லாந்தா என்னும் இசுப்பானியத் துறவி, மாயர் எழுத்துக்களின் ஒலிகள் இவையெனச் சிலவற்றைக் குறித்து வைத்தார். முந்நூறு ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த அக்குறிப்பைக் கண்டெடுத்து 1864-இல் வெளியிட்டவர் பிரெஞ்சுப் பாதிரியார் பிராசர் தெ பூர்பூர். அவர் அதனை நெடுங்கணக்கு என்றே நம்பி, சுவடியொன்றை அதனைக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். படிக்கவே, கடலில் ஆழ்ந்த நாடொன்றின் வரலாறும் 'மூ' என்னும் பெயரும் அதிலிருந்து வெளிப்பட்டன! பின்னர் லெ ப்ளான்ஜோன் என்பவர் அதனை வளர்த்தார். ஜேம்ஸ் சர்ச்வார்ட் என்பவர் 1926-இல் அதனைப் பசிபிக் பெருங்கடலுக்கு நகர்த்தி, தனி நூலே எழுதிவிட்டார். உண்மையில் அச்சுவடி கூறுவது குறி பார்த்தலையும் சடங்குக்குரிய நாட்களையும் பற்றி. ஒரு பகுதி தேனீ வளர்ப்பைப் பற்றி. மூழ்கிய கண்டம் அதில் இல்லை.

ஈண்டு ஆசிரியர்கள் மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1952-இல் யூரி குனோரோசவ் என்னும் உருசிய அறிஞர் அதே லாந்தாவின் குறிப்பை மீண்டும் எடுத்தார். அது நெடுங்கணக்கன்று; நம் உயிர்மெய் போன்று அசைகளைக் குறிக்கும் எழுத்துக்களின் பட்டியல் என்று கண்டார். அதன்பின் மாயர் எழுத்து மெல்ல மெல்ல வாய் திறந்தது. இன்று மாயர் மன்னர்களின் பெயர்களையும் போர்களையும் கல்வெட்டுக்களிற் படிக்கின்றனர். ஒரே ஓலைக்குறிப்பு ஒருவர் கையில் இல்லாத கண்டத்தைப் படைத்தது. மற்றொருவர் கையில் இருந்த நாகரிகத்தைப் பேச வைத்தது.

இனி இலெமூரியாவுக்கு வருவோம். அது மூ போன்ற பிழைபாடன்று. நேர்மையான அறிவியற் கருதுகோள். இலண்டன் விலங்கியற் கழகத்தின் செயலாளராக இருந்த பிலிப் ஸ்க்ளேட்டர் 1864-இல் ஒரு புதிரை எதிர்கொண்டார். மடகாஸ்கர் தீவில் லெமூர் என்னும் விலங்குகள் மிகுதி, அவற்றின் உறவினமான தேவாங்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்கின்றது, இடையிலோ பெருங்கடல். விலங்குகள் கடலை நடந்து கடந்திருக்க இயலாது. ஆகவே இடையில் நிலம் இருந்திருத்தல் வேண்டும் என்று எண்ணி, அந்நிலத்துக்கு லெமூரின் பெயரையே இட்டார். அக்காலத்தே அறிந்த அளவில் அது பொருத்தமான விடையே. நம் ஊர்த் தேவாங்கு ஒரு கண்டத்துக்குப் பெயர் வரக் காரணமாயிற்று என்பதை எண்ணினால் சற்றே நகையும் தோன்றுகிறது.

பின்னர் நிகழ்ந்தவையே கேடு. செருமானிய அறிஞர் ஹெக்கல் அதனை மாந்த இனத்தின் தொட்டில் ஆக்கினார். பிளவாட்ஸ்கி அம்மையார் 1888-இல் வெளியிட்ட நூலில் அது அரிய ஆற்றல் படைத்த பண்டை இனத்தாரின் உறைவிடம் ஆயிற்று. நிலவியலாரோ அதனைக் கைவிட்டனர். 1912-இல் வேகனர் கண்டங்கள் நகர்கின்றன என்று கூறினார். 1960-களில் அக்கருத்து வலுப்பெற்று உலகம் ஒப்பும் கொள்கையாயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தன என்பது உண்மை. ஆனால் இடையில் எதுவும் மூழ்கவில்லை, அவை பிரிந்து விலகின. விலகியதும் ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகட்கு முன். மாந்தன் தோன்றியோ மூன்று இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. அந்நிலத்திற் சங்கம் அமர்ந்து ஆராய ஒருவரும் இருந்திலர்.

அங்ஙனமாயின் நம் நூல்கள் கூறும் கடல்கோள் பொய்யோ என்று வினவுவார்க்கு விடை கூறுதல் கடன். நம் நூல்கள் கூறுவதும் நாம் அவற்றின்மேல் ஏற்றிக் கூறுவதும் வேறு வேறு. பஃறுளியாற்றையும் குமரிக் கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் குறிக்கிறது. முதல் இரு சங்கங்களின் செய்தியை இறையனார் அகப்பொருளுரை தருகிறது. கடல் கொண்ட நிலப்பகுதி 49 நாடுகள் என்றும், எழுநூற்றுக் காவதம் என்றும் கணக்கிடுபவர் உரையாசிரியர் அடியார்க்கு நல்லார். அவர் இளங்கோவடிகளுக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவர். 'குமரிக்கண்டம்' என்னும் தொடரோ கந்தபுராணத்தில் பாரதத்தின் ஒன்பது பிரிவுகளுள் ஒன்றன் பெயராக வருவது. அங்குக் கண்டம் என்பதற்குப் பகுதி என்பதே பொருள். மடகாஸ்கர் வரை பரந்த பெருநிலம் என்னும் கருத்து, ஐரோப்பியர்தம் இலெமூரியாவை நம்மவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி ஏற்றுக்கொண்டபின் இவற்றோடு கலந்ததே. ஆகவே மாணவனின் முதல் வினாவுக்கு விடை ஒருவகையில் 'ஆம்' என்பதே. மூவும், கண்டமாகக் கொள்ளப்பட்ட குமரியும் அதே நூற்றாண்டில், ஒரே வகைச் சூழலில் உருப்பெற்ற உடன்பிறப்புக்கள். இவ்வாறு எழுதுவது சிலர்க்குக் கசக்கும் என அறிவேன். யானும் இளமையில் அவ்வரைபடத்தைச் சுவரில் ஒட்டி மகிழ்ந்தவனே.

கடல் நிலத்தைக் கொள்ளுதல் என்னும் நிகழ்ச்சி மட்டும் பொய்யன்று. அதற்குச் சான்று தேடி இந்துமாக்கடலின் நடுவே செல்ல வேண்டுவதில்லை. நாம் நிற்கும் இடமே சான்று. ஏறத்தாழ இருபதினாயிரம் ஆண்டுகட்கு முன், உலகின் நீர் பெரும்பகுதி பனியாக உறைந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றுள்ளதினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. அன்று மலாக்கா நீரிணை இல்லை. கிள்ளானிலிருந்து சுமத்திராவுக்கு ஒருவன் கால் நனையாமல் நடந்து போயிருக்கலாம். இடையே ஆறுகளை நீந்தியிருப்பான், அவ்வளவே. சுமத்திரா, சாவகம், போர்னியோ யாவும் தீபகற்பத்தோடு ஒட்டிய ஒரே பெருநிலம். இலங்கையும் தமிழகமும் அவ்வாறே ஒட்டியிருந்தன. பனி உருகவே கடல் ஏறிற்று, தாழ்நிலம் முழுகிற்று. இம்முழுகலின் நினைவுதான் நம் பழங்கதைகளில் உள்ளது என்று துணிந்து கூற எவராலும் இயலாது. ஆயினும் மூழ்கிய நிலத்தைக் காண விழையும் மாணவனுக்குக் கிள்ளான் துறைமுகக் கரையினும் நல்ல வகுப்பறை ஏது?

நம் வட்டாரத்தின் மண்ணிலும் விந்தைகள் குறைவல்ல. பேராக், பகாங், சிலாங்கூர்ப் பகுதிகளில் ஈயம் தோண்டியோரும் உழவரும் விந்தையான இரும்புக் கருவிகளை அவ்வப்போது கண்டெடுத்தனர். நீண்டு வளைந்து, காம்பு செருகத் துளையுடன் கூடிய அவற்றைச் செய்தவர் யார் என ஒருவருக்கும் தெரியவில்லை. மலாய் மக்கள் அவற்றுக்கு இட்ட பெயர் 'துலாங் மாவாஸ்'. மாவாசின் எலும்பு என்பது பொருள். மாவாஸ் என்பது காட்டில் வாழும் பெருங்குரங்கு. அதன் முன்கை இரும்பாலான வெட்டுவாய் என்பது கதை. சிவகாசியின் இரும்புக்கை மாயாவிக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட இரும்புக்கை மாயாவி நம் காட்டிலேயே இருந்திருக்கிறான்! ஆராய்ச்சியாளர் அக்குரங்கைத் துரத்தவில்லை. கருவிகள் கிடைத்த இடங்களைக் குறித்தனர். பேராக்கின் தென்பகுதியில் பெர்ணம் பள்ளத்தாக்கையொட்டிக் கற்பலகைகளால் அமைத்த பழைய கல்லறைகள் சிலவற்றில் இதே கருவிகள் சூதுபவள மணிகளோடு கிடைத்தன. இரும்பு உருக்கவும், அயல்நாட்டு மணிகளைப் பண்டமாற்றிற் பெறவும் அறிந்த மக்கள் இங்கு வாழ்ந்தனர் என்பது வெளிப்பட்டது. காஜாங் நகரைத் தொட்டோடும் லங்காட் ஆறு கடலை அடையும் பக்கத்தில், பந்திங்கை அடுத்த சுங்கை லாங் சிற்றூரில் 1964-இல் இரு வெண்கல முரசுகள் வெளிப்பட்டன. அவை ஒரு படகின் பலகைமேல் வைத்துப் புதைக்கப்பட்டிருந்தன. வியட்நாமின் வடபகுதியில் தோன்றிய தொங்சோன் கலைமரபைச் சார்ந்த அம்முரசுகள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையன. காஜாங்கிலிருந்து சிறுபொழுதுப் பயணத்தில் அடையத்தக்க ஊர் அது.

இவற்றையெல்லாம் விஞ்சியது கடாரத்தின் கதை. மறைந்த உலக வரலாற்றைத் துப்புத் துலக்கியோர் எவர் என்று என்னைக் கேட்டால், மார்ட்டினைக் காட்டமாட்டேன். இக்கதையின் மாந்தரையே காட்டுவேன்.

முதலாம் இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படை செலுத்தினான். அவ்வெற்றியைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு பதின்மூன்று ஊர்ப் பெயர்களோடு பட்டியலிடுகிறது: சீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாபப்பாளம், மேவிளிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கல்வெட்டைப் பதிப்பித்தபோது இவ்வூர்கள் எங்குள்ளன என்று அறிந்தார் இலர். கடாரத்தைத் தமிழகத்துக்குள்ளேயே தேடினோர் உண்டு. பின்னர்ச் சிலர் பர்மாவின் பெகுவே அது என்றனர். பாடநூல்களிலும் அவ்வாறே எழுதினர். சீவிசயம் என்பது யாதென்று ஒருவரும் கருதவும் இல்லை.

அதே காலத்தில், இதனோடு தொடர்பற்றதாகத் தோன்றிய மற்றொரு முயற்சி நடந்தது. சுமத்திராவையடுத்த பங்கா தீவில் 1892-இல் கிடைத்த பழைய மலாய்க் கல்வெட்டை டச்சு அறிஞர் கெர்ன் 1913-இல் படித்து வெளியிட்டார். அதில் 'ஸ்ரீவிஜய' என்னும் சொல் இருந்தது. அவர் அதனை ஓர் அரசனின் பெயர் என்று கொண்டார். சீன நூல்களிலோ 'ஷி-லி-போ-ஷி' என்றும், பிற்காலத்தில் 'சான்-போ-சி' என்றும் தென்கடல் நாடொன்று பேசப்பட்டது. தஞ்சைச் சுவர் ஒருபுறம், பங்காத் தீவின் கல் ஒருபுறம், சீனர் ஏடு ஒருபுறம் என மூன்றும் தனித்தனியே கிடந்தன. 1918-இல் ஜார்ஜ் செதெஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் அம்மூன்றையும் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வைத்து நோக்கினார். ஸ்ரீவிஜயம் அரசன் அன்று, ஓர் அரசு. பலெம்பாங்கைத் தலைமையிடமாகக் கொண்டு நூற்றாண்டுகள் பல இக்கடலை ஆண்ட பேரரசு என்று நிறுவினார். அவ்வாண்டுக்கு முன் உலகின் எந்த வரலாற்று நூலிலும் அப்பேரரசு இல்லை. அது ஆண்ட நாட்டு மக்களே அதன் பெயரை மறந்திருந்தனர்.

இதில் தமிழ்ச் சான்றின் பங்கு பெரிது. நெடுங்காலம் நெதர்லாந்தின் லைடன் நகரில் இருந்தமையால் லைடன் செப்பேடு என்று பெயர்பெற்ற சோழர் செப்பேடு ஒன்று உண்டு. கடாரத்து மன்னன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்ததைக் கூறுவது அது. கடாரத்தரசன், ஸ்ரீவிஜயத்தரசன் என இரு பெயரும் ஒருவனையே சுட்டுவதை அதில் காணலாம். பின்னர் நீலகண்ட சாஸ்திரியார் முதலிய அறிஞர் ஏனைய ஊர்களையும் ஆராய்ந்தனர். மாநக்கவாரம் நிக்கோபார்த் தீவுகள். இலாமுரிதேசம் சுமத்திராவின் வடமுனை. இலங்காசோகம் பட்டாணிப் பகுதியின் லங்காசுகம். கடாரம் நம் கெடா. ஏழாம் நூற்றாண்டுச் சீனத் துறவி இத்சிங் கெடாவைக் குறித்துச் சென்றிருக்கிறார். அங்கிருந்து மேற்கே முப்பது நாள் கடலோடி நாகப்பட்டினம் சேர்ந்த மற்றொரு துறவியைப் பற்றியும் அவர் எழுதியுள்ளார். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெருவில் காழகத்துப் பொருளும் குவிந்திருந்தது. அக்காழகத்துக்குக் கடாரம் என்று உரை வரைந்தார் நச்சினார்க்கினியர். உரையாசிரியரின் அச்சிறு சொல்லும் இப்புதிரில் ஒரு துண்டு.

கெடா மண்ணிலும் தேடல் நடந்தது. கிழக்கிந்தியக் கும்பினியின் படை அதிகாரி ஜேம்ஸ் லோ, 1834-இல் ஐந்தாம் நூற்றாண்டைச் சார்ந்த கல் ஒன்றைக் கண்டெடுத்தார். மாநாவிகன் புத்தகுப்தன் என்பான் தன் கடற்பயணம் நலமாக முடிய வேண்டி வெட்டுவித்தது அது. தூபி ஒன்றன் உருவமும் பொறித்தது. 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்சும் அவர் துணைவியார் டோரதியும் மெர்போக் ஆற்றுப் பகுதியில் முப்பதளவான இடங்களை ஆராய்ந்தனர். அலாஸ்டர் லேம்ப் புக்கிட் பத்து பகாட் கோயிலை ஆராய, 1960-இல் அது ஜெராய் மலையடியில் மீண்டும் எழுப்பப்பட்டது. 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலை கடலில் நெடுந்தொலைவு வரும் கலங்களுக்குக் கண்கண்ட கலங்கரை விளக்கம். 2009 முதல் சுங்கை பத்துவில் நடந்த அகழ்வுகளில் இரும்புருக்கிய உலைகளும் ஆற்றுத்துறைகளும் வெளிப்பட்டன. அவற்றின் காலம் பற்றி அறிஞரிடையே வேறுபாடு உண்டு.

இவற்றைக் கூறுமிடத்து ஒரு நேர்மையும் வேண்டும். பூஜாங் பள்ளத்தாக்கு முழுமையும் தமிழர் ஆக்கம் அன்று. புத்தகுப்தனின் கல் சமற்கிருதம். அவன் வங்கப் பகுதியினன் என்று அறிஞர் கருதுவர். இரும்பை உருக்கியோர் பெரும்பாலும் இம்மண்ணின் மக்களே ஆதல் கூடும். சீனக் கலங்களும் மேற்காசியக் கண்ணாடியும் அங்குக் குவிந்து கிடந்தன. பல நாட்டார் கூடிய துறையில் தமிழனும் ஒருவனாக, சில காலம் செல்வாக்குடையவனாக இருந்தான். அவ்வளவே சான்று கூறுவது. அவ்வளவும் சிறிதன்று.

தமிழன் இங்கிருந்தமைக்கு நேரான சான்றுகளை எண்ணிப் பாருங்கள். தாய்லாந்தின் தென்பகுதியில் குளோங் தோம் என்னும் ஊர்ப்புறத்தே, கையில் அடங்கும் சிறு உரைகல் ஒன்று கிடைத்தது. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டின் தமிழ் பிராமி எழுத்தில், அது பெரும்பதன் என்பானுடைய கல் என்று பொறித்திருக்கிறது. பொன் உரைத்துப் பார்க்கும் தட்டான் ஒருவன் தன் கருவியில் தன் பெயரை வெட்டிக்கொண்டான். படை இல்லை, கொடி இல்லை. ஒரு தொழிலாளியின் பெயர். தக்குவாப்பாவின் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் முதலியோரின் காவலில் விட்டதைக் கூறுகிறது. சுமத்திராவின் பாரூசில் 1088-ஆம் ஆண்டின் ஐந்நூற்றுவர் கல்வெட்டு உண்டு. மூவாயிரம் கல் அகலமுள்ள கற்பனைக் கண்டத்தினும் உள்ளங்கையளவான அவ்வுரைகல் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நம் மாணவர் எத்தனை பேர் அதனைக் கேள்வியுற்றிருக்கின்றனர்?

நியூசிலாந்தின் தமிழ் மணியைப் பலர் அறிவர். வில்லியம் கொலென்சோ என்னும் சமயத்தொண்டர், 1836-ஆம் ஆண்டளவில் மாவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். அது உடைந்த கப்பல் மணி. மொகைதீன் பக்சு என்பவர் கப்பலின் மணி என்று அதில் தமிழ் எழுத்து. இப்போது அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. இதனைக்கொண்டு நியூசிலாந்தை முதலிற் கண்டவன் தமிழனே என்று மேடையில் முழங்குவோரைக் கேட்டிருக்கிறேன். அம்மணி எப்போது, எவ்வழி அங்குச் சேர்ந்தது என்பதற்குச் சான்றில்லை. ஆளற்ற கலம் நீரோட்டத்தில் மிதந்து சென்றிருக்கலாம். வேறு மாலுமிகள் கொண்டு சென்றிருக்கலாம். மணி கூறுவது ஒன்றே: தமிழ் எழுதத்தெரிந்த முசுலிம் கப்பலோட்டிகள் இருந்தனர், தம் கலத்தின் மணியில் தமிழையே பொறித்தனர். அச்செய்தியின் பெருமையை விட்டு, மணி கூறாததைக் கூறவைக்க முயல்வது பூர்பூர்ப் பாதிரியார் செய்த வேலையே.

ஏடு தேடிய துப்பாளர் ஒருவரையும் இம்மண்ணின் ஆசிரியர்கள் நினைவுகூர்தல் தகும். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குத் தலைமை பூண்ட தனிநாயக அடிகளார், ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிய பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடி அலைந்தவர். அந்தாவ் தெ புரோயென்சா தொகுத்து 1679-இல் அம்பலக்காட்டில் அச்சேறிய தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியின் படியை வத்திக்கான் நூலகத்திற் கண்டு வெளிக்கொணர்ந்தார். முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நிகழ்ந்த 1966-ஆம் ஆண்டிலேயே அது இங்கு மறுபதிப்பாக வெளிவந்தது. அந்நூலை எவரும் மறைத்து வைத்திருக்கவில்லை. அடுக்கில் இருந்தது, கேட்பார்தாம் இல்லை.

இனி மாணவனின் இரண்டாம் வினா: யார் மறைத்தார்கள்? கதையிற்போலக் கறுப்பு உடையினர் எவரும் ஸ்ரீவிஜயத்தை மறைக்கவில்லை. தஞ்சைச் சுவரில் அது தொள்ளாயிரம் ஆண்டு எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தது. கோயிலுக்குச் சென்றோர் அதன்மேற் கைவைத்துச் சாய்ந்தும் நின்றிருப்பர். மறைத்தது நம் மறதி. மறதியோடு கூடும் மற்றொரு பொருளும் உண்டு. பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்து தோட்டப்பகுதியில், பதினொன்றாம் எண்ணிட்டுப் பதிவு செய்யப்பெற்ற பழங்கோயிலின் அடித்தளம் ஒன்று இருந்தது. நிலம் தனியார் உடைமை. காப்புக்குரிய இடமென அரசிதழில் அறிவிக்கப்படாதது. 2013-ஆம் ஆண்டின் இறுதியில், வீட்டு மனைகளுக்காக நிலத்தைத் திருத்துகையில் அது இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளிப்பட்டபின் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என அனைவரும் வருந்தினர். இடிந்த செங்கற்களைப் படம்பிடித்து நாளிதழ்கள் வெளியிட்டன. அதற்கு முந்திய வாரம் அவ்விடத்தைப் பற்றி ஒரு வரி எழுதிய இதழ் எதனையும் நான் கண்டிலேன்.

காஜாங் நண்பரிடம் இவ்வளவும் கூறினேன். வரும் பள்ளி விடுமுறையில் ஒரு பேருந்து அமர்த்திக்கொண்டு மெர்போக் அருங்காட்சியகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறார். அந்தப் பையன் மார்ட்டின் புத்தகத்தையும் கொண்டு வரலாமா என்று கேட்டிருக்கிறான். கொண்டு வரட்டும் என்றேன், வழி நெடிது.